ஒழுகும் வால்வும் ஓயாத இளைப்பும்

தோட்டக் கிணற்றில் இயந்திரம் பூட்டித் தண்ணீர் இறைத்தவர்களுக்குப் புட்வால்வைப் பற்றி எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உறிஞ்சு குழாயின் அடியில், தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் சிறிய பொருள் அது. தண்ணீரை மேலே போகவிடும். திரும்பிக் கீழே வரவிடாது. அது ஒழுகத் தொடங்கினால் இயந்திரம் ஓடும், மண்ணெண்ணெய் எரியும், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் குறையும். கடைசிப் பாத்தியில் நிற்கும் வெங்காயம் வாடும்.

எமது நெஞ்சுக்குள்ளும் இப்படி நான்கு வால்வுகள் இருக்கின்றன. இருதயம் கைப்பிடி அளவான ஒரு தசைப் பம்பி. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடித்து, நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. இரத்தம் முன்னோக்கி மட்டுமே போக வேண்டும். அதற்குக் காவல் நிற்பவை இந்த வால்வுகள். காவல் தளர்ந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பகுதி இரத்தம் பின்னோக்கி ஒழுகும். இருதயம் அதே வேலையை இருமுறை செய்ய நேரிடும்.

நடந்தால் இளைப்பு, படுத்தால் மூச்சு முட்டு, மாலையில் கால் வீக்கம் என்று கிளினிக்குக்குப் போகும் எம்மவர் பலரிடம் "உங்களுக்கு வால்வு ஒழுகுகிறது" என்று வைத்தியர் சொல்லியிருப்பார். அதைக் கேட்டவுடன் சிலர் எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் உடைந்துவிடுகிறார்கள். வேறு சிலர் குளிசையில் கொஞ்சம் சுகம் கண்டதும் கிளினிக்கையே மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, அந்த ஒழுக்கை வைத்தியர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வால்வு கெட்டதா, இருதயம் கெட்டதா?

அதிகம் பேசப்படுவது மைட்றல் வால்வு. அது இருதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது. பிள்ளைகளின் பாடநூல் இவற்றைச் சோணை என்றும் இதயவறை என்றும் சொல்லும். ஆயர்கள் அணியும் இருபக்கக் கூர்முடியைப் போன்ற தோற்றம் உள்ளதால் மைட்றல் என்ற பெயர் வந்தது. இந்த வால்வுக்கு இரண்டு மெல்லிய இதழ்கள். கூடாரத் துணியைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதைப் போல, இதழ்களின் ஓரத்தை நுண்ணிய நார்கள் கீழறைத் தசையுடன் கட்டி வைத்திருக்கின்றன.

ஒழுக்கு இரண்டு விதமாக வரலாம். முதலாவது, வால்வே பழுதடைவது. இதழ் தடித்துச் சுருங்கலாம், தளர்ந்து தொய்யலாம், நார் அறுந்து போகலாம். புட்வால்வின் தோல் கிழிந்ததற்கு இது ஒப்பானது.

இரண்டாவது, வால்வு நல்ல நிலையில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள இருதயம் பெருத்துவிடும். மாரடைப்பு, நீண்டகாலம் கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், மிதமிஞ்சிய மதுபானம், இருதயத் தசையைத் தாக்கும் நோய்கள் போன்றவற்றால் கீழறை பலவீனமடைந்து ஊதிப் பெருக்கிறது. கூடாரத்தின் முளைகளைத் தூரத் தூர நட்டால் துணி எட்டாமற் போவதைப்போல, இதழ்கள் இரண்டும் நடுவில் வந்து சேர முடியாமல் இடைவெளி விழுகிறது. இங்கே வால்வு குற்றவாளி அல்ல. அது பாதிக்கப்பட்ட சாட்சி.

இருதயச் செயலிழப்பு என்று வைத்தியர்கள் எழுதுவது இருதயம் நின்றுவிட்டது என்பதல்ல. உடலுக்குத் தேவையான அளவுக்கு இரத்தத்தை அது சிரமமின்றி அனுப்ப முடியவில்லை என்பதே அதன் பொருள். ஒழுக்கினால் இருதயம் பெருக்கலாம். இருதயம் பெருத்ததனால் ஒழுக்கு வரலாம். எது முந்தியது என்று பிரித்தறிவதே மதிப்பீட்டின் முதல் வேலை. சிகிச்சை முழுவதும் அந்த விடையில்தான் தங்கியுள்ளது.

தொண்டையில் தொடங்கும் கதை

எமது பகுதிகளில் முதல் வகை ஒழுக்குக்கு நெடுங்காலமாக முக்கிய காரணமாக இருந்து வந்தது மூட்டுவாதக் காய்ச்சல், அதாவது றூமற்றிக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளையே அது பெரும்பாலும் பிடிக்கும். ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற கிருமியால் தொண்டை நோ வரும். அது மாறி இரண்டு மூன்று வாரங்களின் பின் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் நோவும் வீக்கமும் தோன்றும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பு, தன் சொந்த இருதயத்தையே தாக்குவதால் வரும் விளைவு இது. மூட்டை நக்கிவிட்டு இருதயத்தைக் கடிக்கும் நோய் என்று பழைய வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள். மூட்டு நோ மாறிவிடும். இருதய வடு தங்கிவிடும். பத்து, இருபது ஆண்டுகளின் பின் இளைப்பாக வெளிவரும்.

இந்த நோய் நெருக்கடியான இருப்பிடத்தைத் தேடி வரும். ஒரே அறையில் பலர் படுக்கும் இடத்தில் தொண்டைக் கிருமி இலகுவாகத் தாவும். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதிலிருந்தும், 2000 ஆம் ஆண்டு தென்மராட்சியிலிருந்தும், 2008, 2009 இல் வன்னியிலிருந்தும் வெளியேறிய எமது மக்கள் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் கொட்டில்களிலும் நெருங்கி வாழ்ந்ததை எவரும் மறக்கவில்லை. அந்நாட்களில் சிறுவராக இருந்தவர்கள் இன்று வளர்ந்தவர்கள், சிலர் நாற்பதைக் கடந்தும் விட்டார்கள். அவர்களில் எவருக்கேனும் சிறுவயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்திருந்தால், வைத்தியரிடம் அதைச் சொல்வது மிக அவசியம். அந்த ஒரு வரிச் செய்தி மதிப்பீட்டின் போக்கையே மாற்றக்கூடும்.

இந்நோய் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்படும். காய்ச்சல் திரும்பவும் வந்து வால்வை மேலும் கெடுக்காமல் தடுப்பதே அதன் நோக்கம். வால்வில் பாதிப்பு எஞ்சியிருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, இவற்றுள் எது நீண்டதோ அதுவரை தொடர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டல். பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறதே என்று பெற்றோர் தாமாக ஊசியை நிறுத்தக் கூடாது.

ஒழுக்கை அளப்பது எப்படி?

முதல் அளவுகோல் நோயாளியின் வாய்ச்சொல். எவ்வளவு தூரம் நடந்தால் இளைக்கிறது? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறீர்களா? பாதம் வீங்குகிறதா? இவற்றுக்குச் சரியான பதில் சொல்வது நோயாளியின் பங்கு. "பரவாயில்லை ஐயா" என்று மரியாதைக்காகச் சொல்வது வைத்தியரைத் திசைதிருப்பிவிடும். "முந்தி கிணற்றடிக்கு நிற்காமல் போவேன், இப்போது இரண்டிடத்தில் நின்று போகிறேன்" என்று சொல்லுங்கள். அது நல்ல அளவு.

இரண்டாவது, நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்ரெதஸ்கோப். 1816 இல் பிரான்சிய வைத்தியர் லெனெக் கண்டுபிடித்தது. ஒழுகும் வால்வினூடாக இரத்தம் பாயும்போது ஒரு முணுமுணுப்பு எழும். ஆனால் சத்தம் பெரிதென்றால் ஒழுக்கும் பெரிது என்று கொள்ள முடியாது. இருதயம் மிகவும் களைத்திருந்தால் பெரிய ஒழுக்குக்கூட மெல்லிய சத்தத்துடன் இருந்துவிடும். ஈ.சீ.ஜீ. துடிப்பின் ஒழுங்கைச் சொல்லும். எக்ஸ்றே படம் இருதயம் பெருத்திருக்கிறதா, நெஞ்சறையில் நீர்க்கட்டு உண்டா என்று காட்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் எக்கோ பரிசோதனை. எமது காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை நெஞ்சுக்குள் அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு இருதயத்தைப் படமாகப் பார்க்கும் முறை இது. இதன் பிறப்பே மைட்றல் வால்வுக்காகத்தான். சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இருதய வைத்தியர், சத்திரசிகிச்சைக்கு முன்னரே இந்த வால்வின் நிலையை அறிய ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞர் அவருக்குத் துணை நின்றார். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, 1953 இல் அவர்கள் இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். எக்கோவில் ஊசி இல்லை, நோ இல்லை, எக்ஸ்றே கதிரும் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் பயமின்றிச் செய்யலாம்.

எக்கோவுடன் சேர்ந்தது டொப்ளர் முறை. எம்மை நோக்கி வரும் பஸ்ஸின் ஹோர்ன் கூர்மையாகக் கேட்கும். கடந்து போனதும் தணிந்து கேட்கும். அதே தத்துவப்படி இரத்தம் எத்திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை நிறங்களாகத் திரையில் காணலாம். ஒழுக்கு ஒரு வண்ணப் பீச்சலாகத் தெரியும். அனுபவமுள்ளவர்கள் அந்த நிறத்தின் பரப்பை மட்டும் நம்பமாட்டார்கள். பீச்சல் வெளிவரும் கழுத்தின் அகலத்தை அளப்பார்கள். அது 7 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் கடும் ஒழுக்கின் அடையாளம். ஒரு துடிப்பில் பின்னே போகும் இரத்தம் 60 மில்லிலீற்றரை எட்டினாலும் அப்படியே. ஆயினும் களைத்துப்போன இருதயத்தில், அனுப்பும் இரத்தமே குறைவு என்பதால், இதிலும் குறைந்த ஒழுக்குக்கூடப் பெரும் பாரமாகலாம். ஆகவே ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. இதழ்களின் வடிவம், கீழறையின் அளவு, மேலறையின் அளவு, நுரையீரலில் ஏறிய அழுத்தம் எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

ஒரு நாள் அளவு முழு அளவல்ல

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் மையம். கிணற்றின் புட்வால்வை இன்று பார்த்தாலும் நாளை பார்த்தாலும் ஒழுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இருதயம் அப்படியல்ல. அது உயிருள்ள தசை. உடலில் நீர் தேங்கியிருக்கும் நாளில், இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் வேளையில், அதே வால்வு அதிகம் ஒழுகும். நீர் வடிந்து அழுத்தம் இறங்கினால் ஒழுக்கும் குறையும். சிறப்பாக இரண்டாம் வகை ஒழுக்கு இப்படி ஏறி இறங்கும். மூச்சுத் திணறி அவசரமாக அனுமதிக்கப்பட்ட அன்று "கடும் ஒழுக்கு" என்று எழுதப்பட்டது, சில மாதச் சிகிச்சையின் பின் "நடுத்தரம்" என்று ஆகலாம். பெருத்த கீழறை மருந்தினால் சுருங்கி, இதழ்கள் மீண்டும் கிட்ட வருவது உண்டு.

இதனால்தான், அவசர சத்திரசிகிச்சை தேவையில்லாத நோயாளிக்கு முதலில் குளிசைகளைப் படிப்படியாக உரிய அளவுக்கு உயர்த்தி, சில மாதங்களின் பின் மறுபடியும் எக்கோ பார்க்கிறார்கள். நீர் போக்கும் பியூரோசமைட், அழுத்தத்தைத் தளர்த்தும் ஈனலப்றில் அல்லது லொசாட்டன், துடிப்பை அடக்கும் பிசோப்புறலோல் அல்லது காவிடிலோல், ஸ்பைரொனோலக்ரோன், அண்மைக்காலத்தில் சேர்ந்த எம்பாகிளிபுளோசின் போன்றவை அக்குளிசைகளாகும். எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது. வைத்தியர் தெரிந்து கொடுப்பார். இடையில் குளிசையை விட்டவருக்குச் செய்யப்படும் இரண்டாவது எக்கோ, மருந்து பலனளிக்கவில்லை என்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும்.

மதிப்பீடு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும் என்பதற்கு 2018 இல் வெளியான இரண்டு ஆய்வுகள் சாட்சி. தொடையின் நாளம் வழியாகக் குழாய் செலுத்தி, மைட்றல் இதழ்கள் இரண்டையும் நடுவில் ஒரு கிளிப்பினால் சேர்த்துப் பிடிக்கும் முறையை இரண்டும் பரிசோதித்தன. இருதயம் பலவீனமடைந்ததால் வால்வு ஒழுகியவர்களே இரண்டிலும் பங்குபற்றினர். பிரான்சில் 304 பேரிடம் நடந்த ஆய்வில் கிளிப் போட்டவர்களுக்கும் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஓராண்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் நடந்த ஆய்விலோ, இரண்டு ஆண்டுகளில் குளிசை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் இறந்தனர். கிளிப்பும் போட்டவர்களில் 29 பேரே இறந்தனர்.

ஒரே கருவி, இரு வேறு விளைவுகள். ஏன்? பிரான்சிய ஆய்வில் பலருக்கு இருதயம் மிகவும் பெருத்திருந்தது, அதனோடு ஒப்பிடும்போது ஒழுக்கு சிறியது. ஒழுக்கை அடைத்தாலும் தளர்ந்த தசை எழுந்து நிற்கவில்லை. மற்றைய ஆய்வில் மருந்தை உச்ச அளவுக்குக் கொடுத்துப் பார்த்த பின்னரும் பெரிய ஒழுக்கு நீடித்தவர்களையே தெரிந்தெடுத்தார்கள். பல வல்லுநர்கள் கூறும் விளக்கம் இதுவே. 2024 இல் வெளிவந்த மூன்றாவது ஆய்வும் கிளிப்புக்குச் சாதகமாக அமைந்தது. இம்முறை செலவு மிகுந்தது. எம்மவர் பலருக்கு எட்டாதது. ஆனால் அது தரும் பாடம் எல்லோருக்கும் உரியது: முதலில் மருந்து ஒழுங்காக, பிறகு மறு அளவீடு, அதன் பின்னரே முடிவு.

முதல் வகை ஒழுக்குக்கு இந்த விதி வேறு. வால்வே பழுதென்றால் குளிசை அதைத் தைக்காது. இருதயம் கெட முன்னரே வால்வைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். இளைப்புக் கூடும்வரை காத்திருந்தால் காலம் தப்பிவிடலாம்.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது?

எக்கோ அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சில சொற்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. "எம்.ஆர்." என்றால் மைட்றல் வால்வு ஒழுக்கு. "ரீ.ஆர்." வலப்பக்க வால்வின் ஒழுக்கு. "ஏ.ஆர்." இருதயத்திலிருந்து உடலுக்குப் போகும் பெருநாடி வாயிலின் ஒழுக்கு. "மைல்ட்" சிறியது, "மொடறேற்" நடுத்தரம், "சிவியர்" கடுமையானது. நலமாக உள்ள பலருக்கும் மிகச் சிறிய ஒழுக்கு இருப்பதுண்டு. அதற்குக் கலங்க வேண்டாம்.

"ஈ.எவ்." என்பது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியேற்றுகிறது என்ற கணக்கு. 55க்கு மேல் பொதுவாக நல்லது. 40 அல்லது அதற்குக் கீழ் பலவீனம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பின்னோக்கி ஒழுகிய இரத்தமும் வெளியேறிய கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே கடும் ஒழுக்கு உள்ளவரின் ஈ.எவ். 60 என்று இருந்தாலும் இருதயம் உள்ளூரத் தளரத் தொடங்கியிருக்கலாம். எண் நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கை நிறுத்தக் கூடாது.

விளங்காததைத் தமிழில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எமது இளைஞருக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். மனித உடலமைப்பை விளக்கும் அவரது "மனுஷ அங்காதிபாதம்" 1872 இல் வெளிவந்தது. இருதயத்தைத் தமிழில் பேசுவது இந்த மண்ணுக்குப் புதியதல்ல.

அறுந்த சங்கிலி

இடம்பெயர்ந்தவர்களின் இழப்பைக் காணியிலும் வீட்டிலும் கணக்கிடுகிறோம். கணக்கில் வராத இழப்பு ஒன்று உண்டு: தொடர்ச்சி. பெனிசிலின் ஊசி அட்டை பதுங்குகுழிக்குள் போயிற்று. எக்ஸ்றே படம் வீட்டோடு எரிந்தது. பழைய அளவு இல்லாவிட்டால் இன்றைய அளவு கூடியதா குறைந்ததா என்று யார் சொல்வது? யாழ்தேவி 1990 இலிருந்து 2014 வரை யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. கண்டி வீதி 1990 இல் மூடி, 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடியது. இருதய சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போக வேண்டியவர்கள் கிளாலிக் கடலையும் சோதனைச் சாவடிகளையும் தாண்ட வேண்டியிருந்தது. காத்திருந்தே மடிந்தவர்கள் உண்டு.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் 2017 இல் திறந்த இருதய சத்திரசிகிச்சை தொடங்கப்பட்டது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். 2018 இலிருந்து 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வடக்கிலும் வருகிறது. வழி திறந்திருக்கிறது. சங்கிலியை நாமே அறுக்காமல் இருக்க வேண்டும். அதற்குச் சில காரியங்கள்:

1. கிளினிக் கொப்பி, எக்கோ அறிக்கை, ஈ.சீ.ஜீ. தாள் ஆகியவற்றை ஒரே பொலித்தீன் உறையில், காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வெளியூரில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். பழைய தாள் பழசென்று எறிய வேண்டாம்.

2. குடியிருப்பு மாறினால் புதிய இடத்து வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் ஊடாகவும் போதனா வைத்தியசாலைக்குத் தொடர்பு பெறலாம்.

3. காலையில், சலம் கழித்தபின், சாப்பிட முன் நிறை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே வைத்தியரைக் காணுங்கள். தராசு இல்லாத வீட்டில் செருப்பு வார் இறுகுவது ஓர் எச்சரிக்கை.

4. உப்பைக் குறையுங்கள். நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு உட்படவே இருக்கட்டும். கருவாடு, மோர் மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பும் அதில் சேர்ந்தது.

5. தோட்ட வேலையின் உடம்பு நோவுக்குக் கடையில் டைக்குளோபினாக், இபுபுரோபன் வாங்கி விழுங்க வேண்டாம். அவை உடலில் நீரைத் தேக்கி இருதயத்தைக் களைக்க வைக்கும்.

6. பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோ வந்தால் கைமருந்தோடு நிற்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

7. கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு முன்னர் இருதய நோய் இருந்திருந்தாலோ, புதிதாக இளைப்புத் தோன்றினாலோ குடும்பநல உத்தியோகத்தருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். கர்ப்பகாலத்தில் இருதயத்தின் சுமை கூடும்.

ஒழுகும் வால்வு உள்ளவர் குடும்பத்துக்குப் பாரம் அல்ல. உரிய மருந்தோடும் உரிய அளவீட்டோடும் பலர் நீண்டகாலம் வாழ்கிறார்கள். தம்மால் இயன்ற தோட்ட வேலையும் செய்கிறார்கள். அவருக்குக் கிளினிக் நாளை நினைவூட்டுவதும், பஸ் ஏற்றி அனுப்புவதும், கூட ஒருவர் போவதும் வீட்டாரின் கடமை. வீட்டார் இல்லாதவருக்கு அயலாரின் கடமை. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தமது கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாக எடுக்கட்டும். உங்கள் குறிச்சியில் இருதயக் கிளினிக்குக்குப் போவதை விட்டவர்கள் யார் யார் என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவர்கள் அங்கே இருக்கட்டும்.